அப்பாவின் பையிலிருந்து நான் எடுத்து வெளியே வைத்தவை

அன்புள்ள அப்பா,

பையைத் தூக்கும்போதே அது இலேசாக இருப்பதை உணர்ந்திருப்பீர்கள். பதற வேண்டாம், கள்ளன் வரவில்லை, மகள்தான் வந்தாள். நேற்றுப் பின்னேரம் முழுவதும் நீங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கிய பயணப் பையை, இன்று காலை நீங்கள் காருக்குப் பெற்றோல் அடிக்கப் போன இடைவெளியில் அவிழ்த்து, பாதியை வெளியே எடுத்து, அந்த இடத்தில் வேறு சாமான்களை வைத்திருக்கிறேன். எடுத்தவை எல்லாம் என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. தேட வேண்டாம், கட்டிலில் நான் படுத்திருக்கிறேன்.

இப்படியான கடிதத்தைப் பெற்றோர்தான் பிள்ளைக்கு எழுதுவது வழக்கம். பிள்ளை வெளியூர் போகும், தாயோ தகப்பனோ வாசலில் நின்று புத்திமதி சொல்வார்கள். இந்த முறை போவது நீங்களும் அம்மாவும், வீட்டில் நிற்பது நான். ஆகவே நீங்கள் திரும்பி வரும்வரைக்கும் பெற்றோர் பதவி என்னிடம் இருக்கிறது. பதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் செய்வதுபோல நானும் உடனே அதிகாரம் பண்ணத் தொடங்கிவிட்டேன். தமிழில் எழுதாவிட்டால் வாசிக்க மாட்டேன் என்று என் வாழ்த்து அட்டையைக்கூட ஒருமுறை திருப்பித் தந்தவர் நீங்கள். எனவே இந்தப் பேச்சையும் தமிழிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

நடந்ததை நீங்கள் உங்கள் பாட்டுக்கு மாற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டதால் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்பனிக்கு மலையில் ஒரு ஹித்தே இருக்கிறது. ஒரு சின்ன மரவீடு, தண்ணீர்க் குழாய் இல்லை. இல்லாததால்தான் அதற்கு இவ்வளவு மவுசு. ஈஸ்டர் வந்தால் ஒஸ்லோவே காலியாகி இப்படியான மரவீடுகளுக்குப் பனியில் சறுக்கும் ஸ்கீயும் தோடம்பழமும் சொக்லேற்றுமாகப் புறப்பட்டுவிடும். எல்லோரும் கேட்பதால் அந்த விடுமுறைக்கு மட்டும் கம்பனியில் சீட்டுக் குலுக்குவார்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூடப் பெயர் கொடுக்கவில்லை. கொடுக்காததோடு நிற்காமல், போகிறவர்களின் வேலையையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். "அவையள் போகட்டும், எங்களுக்கென்ன ஈஸ்டர்" என்பது உங்கள் வருடாந்தர அறிக்கை. இந்த மாசி மாதம் உங்கள் கைத்தொலைபேசியை வாங்கி உங்கள் பெயரைக் கொடுத்தது நான். பகிடிக்குச் செய்தேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

உங்களோடு வேலை செய்யும் ஈவார் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னபோது நீங்கள் ஏதோ லொத்தரில் பரிசு விழுந்துவிட்டதாக நினைத்து மூன்று தரம் நன்றி சொன்னீர்கள். விஷயம் விளங்கியதும் முகம் மாறியது. தொலைபேசியை வைத்த கையோடு என்னைப் பார்த்தீர்கள்.

"என்னடி செய்தனி?"

"நானோ?"

"இந்த வீட்டிலை குரங்குச் சேட்டை விடுறதுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

"அப்பா, குரங்கு குளிர்நாட்டிலை இல்லை."

"ஒண்டு இருக்கு, நான்தான் வளர்க்கிறன்."

அதுவரை கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார். "கிடைச்சதை ஏன் விடுவான்? போவம்."

"எங்கை போவம்? உமக்கென்ன விசரே? அதை ஈவாருக்குக் குடுக்கப் போறன். அவன் ஒவ்வொரு வருசமும் கேட்டு ஏமாறுறவன்."

அம்மா அடுப்பை அணைத்தார். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் சாமான் அறைக்கு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது அவர் தோளில் ஒரு சோடி ஸ்கீ இருந்தது. கதவு நிலையில் அது இடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்தது. அம்மா விடவில்லை, சாய்த்து, திருப்பி, உள்ளே கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் சார்த்தி வைத்தார்.

"உது ஆற்றை?" என்று கேட்டீர்கள்.

"என்ரை."

"எப்பேந்து?"

"தையிலேந்து. பொம்பிளையளுக்கு எண்டு ஒரு வகுப்பு வைக்கினம். பழகிறன்."

"ட்வெய்ட்டாக் கடைக்கு மரக்கறி வாங்கப் போறன் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனனீர்?"

"மரக்கறியும் வாங்கினனான்தானே. நீங்கள் சாப்பிட்டனீங்கள்தானே."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் கண் ஸ்கீயை விட்டு விலகவே இல்லை. "விழுந்து காலை முறிச்சால் ஆர் பாக்கிறது?" என்றீர்கள். "விழுந்தனான், முறியேல்லை. விழுறதுதான் முதல் பாடமாம்" என்றார் அம்மா. பிறகு குரலைத் தணித்து, "உங்களோடை ஒருக்கால் போகோணும் எண்டுதான் பழகினனான்" என்றார். அப்போது நீங்கள் சொன்ன பதிலுக்கு யாரும் சிரிக்கவில்லை. "எனக்குப் பனியை அள்ளத்தான் தெரியும். அதிலை விளையாடத் தெரியாது" என்றீர்கள்.

அப்பா, இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பகிடியை நிறுத்திவைக்கிறேன். எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் பராமரிப்பாளர் நீங்கள். ஊர் எழும்ப முன்னர் எழும்பி, ஒவ்வொரு வாசலிலும் பனியை ஒதுக்கி, யாரும் சறுக்கி விழாதபடி பொடிக்கல் தூவி, பனி உருகியதும் தூவிய அதே கல்லைத் திரும்பக் கூட்டி அள்ளுகிறவர். யாரோ ஒருவர் விழுந்துவிட்டால் அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்காது. இரவு முழுக்கக் கொட்டிய பனியைப் பார்த்து நான் துள்ளிக் குதித்த காலைகளில், நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டீர்கள். உங்களுக்குப் பனியும் பணியும் ஒன்றாகிவிட்டது என்று வார்த்தையில் விளையாடிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். உங்கள் இடுப்பு வலிக்கு அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று நினைவிருக்கிறதா? எனக்கு ஏழு வயது இருக்கும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் பிள்ளைகள் எல்லோரும் பிளாஸ்டிக் தட்டில் ஏறியிருந்து சறுக்கி விளையாடினோம். யாரோ ஒரு பொடியன் உருண்டு மூக்கில் இரத்தம் வந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் தட்டுகளோடு ஓடி வந்தால், சரிவு முழுக்கப் பொடிக்கல். நீங்கள் வாளியோடு நிற்கிறீர்கள், முகத்தில் அவ்வளவு திருப்தி. "இனி ஒருத்தரும் விழமாட்டினம்" என்று எங்களிடம் சந்தோசமாகச் சொன்னீர்கள். சறுக்குவதற்கென்றே வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் உங்களைப் பார்த்து அழுதார்கள். உலகத்திலேயே விளையாட்டுச் சரிவுக்குக் கல் போட்ட ஒரே ஆள் என் அப்பா. பழிக்குப் பழியாக உங்கள் வேலைச் சப்பாத்துக்குள் நான் பனியை அடைத்து வைத்ததும், நீங்கள் காலை விட்டுவிட்டுக் கத்தியதும் தனிக்கதை. நான் சொல்ல வருவது இதுதான். எங்களை விழாமல் காப்பாற்றுவதிலேயே இவ்வளவு காலமும் கண்ணாக இருந்துவிட்டீர்கள். விழுந்தாலும் பரவாயில்லை என்று ஆட்கள் ஒரு இடத்துக்கு ஏன் போகிறார்கள் என்று நின்று பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கவே இல்லை.

கடைசியில் நீங்கள் இறங்கி வந்ததும் பாதிதான். "கூட்டிக்கொண்டு போறன். நீர் வெளியிலை போய் ஓடும், நான் உள்ளை இருந்து அடுப்பைப் பாக்கிறன்" என்றீர்கள். அம்மா "சரி" என்றார். அந்தச் சரியில் எவ்வளவு சரிவு இருந்தது என்று உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அதனால்தான் இந்தப் பை இப்போது இப்படி இருக்கிறது. உள்ளே இருந்து அடுப்புப் பார்க்கப் போகிறவருக்கான ஒரு உடுப்பும் இதில் இல்லை.

முதலில் வெளியே போனவை உங்கள் பருத்திப் பெனியன்கள். பேச்சு வழக்கில் யாரோ அதைப் பனியன் என்று சொல்வதால் பனிக்குரிய உடுப்பு என்று எண்ணிவிட்டீர்களோ தெரியாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. நடக்கும்வரை ஒன்றும் தெரியாது, நின்றதும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக்குள் நிற்பதுபோல இருக்கும். தோலோடு ஒட்டக் கம்பளி. அதன் மேல் இன்னொரு மெல்லிய கம்பளிச் சட்டை, அதன் மேல் காற்றுத் தடுக்கும் மேலங்கி. இவ்வளவுதான். கம்பளிக்கு உள்ளே பெனியன் போடுவது, குடைக்குள் மழைக்கு இடம் கொடுப்பது மாதிரி. "கம்பளி கடிக்கும்" என்பீர்கள். இது கடிக்காத கம்பளி, நானே கடையில் கழுத்தில் வைத்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள், அதுவும் உங்களுக்காகத்தான்.

அடுத்தது, சடங்கு வீட்டுக்குப் போடும் உங்கள் கறுத்த காற்சட்டையும் பளபளக்கும் சப்பாத்தும். பெரிய இடம், மரியாதையாகப் போக வேண்டும் என்று வைத்திருப்பீர்கள். அங்கே மிகவும் மரியாதையான ஆள், மிகவும் பழைய சுவெற்றர் போட்டிருக்கும் ஆள்தான். புதிதாகப் பளபளவென்று போனால் பக்கத்து ஹித்தேக்காரர் உங்களைச் சுற்றுலாப் பயணி என்று நினைப்பார்கள். உள்ளே போட ஒரு சோடி செருப்பு வைத்திருக்கிறேன், தரை ஐஸ் மாதிரி இருக்கும். கட்டில் விரிப்பும் தலையணை உறையும் போகிறவர்களே கொண்டுபோக வேண்டும். நீங்கள் அது ஹோட்டல் மாதிரி இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று பக்கப் பையில் இருக்கிறது. அது எதற்கென்றால், கழிவறை வெளியே மரங்களுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறது. இதை அம்மா உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. "இவ்வளவு வருசம் நோர்வேயிலை இருந்துபோட்டு திரும்பவும் வெளிக்கக்கூசுக்கோ?" என்று நீங்கள் கேட்கப் போகிற குரல் எனக்கு இப்போதே கேட்கிறது. ஓம் அப்பா, திரும்பவும் வெளிக்கக்கூசுக்குத்தான். இங்கே அதற்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிறார்கள்.

சூரியக் களிம்பும் கறுப்புக் கண்ணாடியும் வைத்திருக்கிறேன். "எங்கடை நிறத்துக்கு உது எதுக்கு?" என்ற வசனத்தைச் சேமித்து வையுங்கள். சித்திரை வெயில் பனியில் பட்டுத் திரும்பி வரும்போது நிறம் கேட்டுக்கொண்டு சுடாது. கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளிறி, மற்ற இடம் கருகி, முகமூடி போட்ட திருடன் மாதிரிச் செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனால் ஈவார் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவான். அவர்களுக்கு அது பதக்கம்.

இனி, பையின் அடியில் துணி சுற்றி ஒளித்து வைத்திருந்த பனி அள்ளுகிற உங்கள் மடிக்கும் சவள் பற்றி. அதோடு ஒரு சின்னப் பை பொடிக்கல்லும். அப்பா! விடுமுறைக்குப் போகிற மனுசன் கல் கட்டிக்கொண்டு போவானா? அந்த ஹித்தே வாசலில் நீங்கள் பனி அள்ளக் கூடாது. கூரையில் எவ்வளவு பனி நிற்கிறது என்று அண்ணாந்து பார்க்கக் கூடாது. கதவுப் பிணைச்சல் கிறீச்சிட்டால் அது கிறீச்சிடட்டும். அடுத்து வருகிறவர்களுக்குக் கொஞ்ச விறகு வெட்டி வைத்து, தரையைக் கூட்டிவிட்டு வருவது அங்குள்ள வழக்கம், அதை மட்டும் செய்யலாம். அதற்கு மேல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. அடித்தால் எனக்குத் தெரிந்துவிடும், அம்மா என் ஒற்றர்.

உங்கள் கடைசிச் சாக்குப்போக்கையும் நான் மறக்கவில்லை. "வருசப்பிறப்பு அண்டைக்கு வீட்டிலை விளக்கு ஏத்தாமல் காட்டிலை போய் நிக்கிறதோ?" ஈஸ்டரும் சித்திரை வருடப்பிறப்பும் ஒன்றாக வந்ததற்கு நான் பொறுப்பில்லை, நான் பெயர் மட்டும்தான் கொடுத்தேன். வீட்டில் விளக்கை நான் ஏற்றுவேன். வருடப்பிறப்பன்று தலையில் வைத்துக் குளிக்கக் கோயிலில் வாங்கிய மருத்துநீர்ப் போத்தல் உங்கள் மேலங்கியின் உள் பையில் இருக்கிறது. காரின் பின்பக்கம் வைத்தால் உறைந்துவிடும், பிறகு தலையில் வைக்க உளி தேவைப்படும். அங்கே குளிக்க இடம் இல்லை. அடுப்பில் பனியை உருக்கி, சுடுதண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். சூரியன் கோபிக்க மாட்டார், அந்த உயரத்தில் அவர் எங்களைவிடப் பக்கத்தில் நிற்கிறார். புது உடுப்புக்கு இந்த வருடப் பஞ்சாங்கத்தில் சிவப்பு என்று போட்டிருப்பதாக நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். அம்மா உங்கள் இருவருக்கும் சிவப்பில் கம்பளி உள்ளுடுப்பு வாங்கியிருக்கிறார், கழுத்திலிருந்து கணுக்கால் வரை. பஞ்சாங்கத்தில் நிறம்தான் சொல்லியிருக்கிறது, வெளியே தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை. நோர்வேயின் ஈஸ்டர் நிறம் மஞ்சள். ஆகவே மேலே போட உங்களுக்கு மஞ்சள் தொப்பி. உள்ளே வருடப்பிறப்பு, வெளியே ஈஸ்டர். சாப்பாட்டுப் பையில் தோடம்பழத்துக்குப் பக்கத்தில் பயற்றம் பணியாரம் இருக்கிறது. அதைத் தின்றுவிட்டு ஸ்கீ ஓடியவர்கள் யாரும் இதுவரை இல்லை, வரலாறு படையுங்கள்.

நான் ஏன் வரவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள். கடையில் வேலை என்று சொன்னேன். அது பாதிக் காரணம். நான் வந்தால் நீங்கள் என்னைச் சாட்டி உள்ளே இருந்துவிடுவீர்கள். "பிள்ளை தனிய நிக்கிறாள், நீர் போய் ஓடும்" என்பீர்கள். அதற்கு இடம் கொடுக்க நான் தயாரில்லை. வீடு எரியாது, நண்பர்கள் கூட்டம் வராது, வந்தாலும் நீங்கள் வர முன்னர் கூட்டிவிடுவேன். பராமரிப்பாளரின் மகள், கூட்டத் தெரியாதா?

உங்கள் காலுக்கு ஸ்கீயும் அதற்குரிய சப்பாத்தும் இரவல் எடுத்து நேற்றிரவே காரின் கூரைப் பெட்டியில் போட்டுவிட்டேன், அம்மாவுடையதற்குப் பக்கத்தில். அளவை உங்கள் வேலைச் சப்பாத்திலிருந்து பார்த்தேன், சரியாகத்தான் இருக்கும். கூரைப் பெட்டியைத் திறக்காமலே விட்டுவிடலாம் என்று யோசிக்காதீர்கள். அம்மாவின் ஸ்கீயை எடுக்க அதைத் திறந்தே ஆக வேண்டும்.

ஒன்று உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. பங்குனியில் ஒருநாள் அம்மாவின் வகுப்பைப் பார்க்க நான் சொல்லாமல் போயிருந்தேன். காட்டோரத்தில் ஒரு சின்னப் பாதை, விளக்குக் கம்பங்கள், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நான் மரத்துக்குப் பின்னால் நின்று பனியுருண்டை எறிவதாகத்தான் திட்டம். அம்மா வந்தார். உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். வீட்டில் எப்போதும் எதையோ மறந்ததுபோல அவசரமாக நடக்கும் அம்மா, முழங்காலை மடித்து, கைத்தடியை ஊன்றி, நிதானமாக, யாரையும் கேட்காமல் போனார். உங்களுக்கு அந்த முகத்தைத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் பாதை வளைகிற இடத்தில் அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தார், பார்த்ததும் விழுந்தார். எழும்பி மறுபடி ஓடினார், அடுத்த வளைவிலும் திரும்பினார், விழுந்தார். சொல்லிக்கொடுக்கிற பெண் சத்தம் போட்டாள். "முன்னாலே பார்! பின்னாலே யாரும் இல்லை!" அம்மா பனியைத் தட்டிக்கொண்டு அவளுக்கு நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னார். தனக்கு அது தெரியுமாம், இருந்தாலும் பார்க்கிறாராம்.

அப்பா, அந்த மலையிலும் ஒரு வளைவு வரும். அம்மா அங்கேயும் திரும்புவார், பழக்கம் விடாது. நீங்கள் நன்றாக ஓடத் தேவையில்லை. ஓடவே தேவையில்லை, ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தால் போதும். விழுங்கள், கத்துங்கள், என்னைத் திட்டுங்கள், ஈவாருக்குக் கொடுத்திருக்கலாம் என்று புலம்புங்கள். எல்லாவற்றையும் அம்மாவுக்குப் பின்னால், அவர் திரும்பினால் தெரிகிற தூரத்தில் நின்று செய்யுங்கள்.

இப்போது பையைப் பூட்டிவிட்டுக் கீழே போங்கள். அம்மா காரில் ஏறியிருந்து நெடுநேரமாகிறது.

உங்கள் மகள்